உடையும் உடைமையும்: ‘த டச்சஸ்’ திரைப்படம் பற்றிய ஓர் ஆய்வு

முற்காலத்து வாழ்க்கையைச் சித்திரிக்கும் வரலாற்றுத் திரைப்படங்களிலே ஆடையலங்காரம் சிறப்பிடம் பெறுதல் இயல்பே. காண்போர் பலர் அதனைக் கண்ணுக்கு விருந்தெனக் கொண்டு அமைந்துவிடுவர். ஆயினும், சிறந்த படமொன்றில் ஆடை வெறும் அலங்காரமாய் நின்றுவிடுவதில்லை. கதையின் உட்பொருளையும் அது தாங்கி நிற்கும். சோல் டிப் என்பாரின் நெறியாள்கையில் 2008ஆம் ஆண்டு வெளிவந்த ‘த டச்சஸ்’ என்னும் ஆங்கிலப் படம் இதற்குத் தக்க சான்றாகும். அமண்டா போர்மன் 1998இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்று நூலைத் தழுவி எழுந்த இப்படத்துக்கு ஆடை வடிவமைத்த மைக்கல் ஓ’கொனர் ஒஸ்கார் விருது பெற்றார்.

கதைத்தலைவி ஜோர்ஜியானா ஸ்பென்சர். 1774ஆம் ஆண்டு, தமது பதினேழாவது பிறந்தநாளன்று, டெவன்சயரின் ஐந்தாவது கோமகனான வில்லியம் கவென்டிசை அவர் மணந்தார். கோமகன் மனைவியிடம் எதிர்பார்த்தது தம் குலப்பட்டத்துக்குரிய ஆண்மகவு ஒன்றையே. அம்மகவு பிறந்ததோ 1790இல். இதற்கிடையில், 1782இல் தோழியாக இல்லம் புகுந்த எலிசபெத் பொஸ்ரர் கோமகனின் காதலியுமானார். மூவரும் ஒரே கூரையின்கீழ் நெடுங்காலம் வாழ்ந்தனர்.

மணநாள் இரவில் கோமகன் கத்தரிக்கோல் கொண்டு மனைவியின் ஆடை முடிச்சுகளை வெட்டும் காட்சி ஈண்டுக் கருதத்தக்கது. பெண்களின் உடை ஏன் இத்துணைச் சிக்கலாய் இருத்தல் வேண்டும் என அவர் வினவுகிறார். ஆடவர் தம் கருத்தை வெளியிட வழிகள் பல உண்டு. பெண்களுக்கோ தொப்பியும் உடையுமே உள என்னும் கருத்துப்பட மனைவி விடையிறுக்கிறார். படத்தின் திறவுகோல் இவ்விடையே என்பது எமது கருத்து.

வரலாறும் இதற்குச் சான்று பகர்கின்றது. ஜோர்ஜியானா தலையிற் சூடிய நீண்ட தீக்கோழி இறகையும் உயர்த்திக் கட்டிய கூந்தலையும் இலண்டன் சீமாட்டிகள் விரைந்து பின்பற்றினர். 1784ஆம் ஆண்டு வெஸ்ற்மின்ஸ்ரர் தேர்தலில் சாள்ஸ் ஜேம்ஸ் பொக்ஸ் என்பாருக்காக அவர் தெருத்தெருவாய்ச் சென்று வாக்குக் கேட்டார். வாக்குரிமையற்ற பெண்ணொருத்திக்கு அரசியலில் வாய்த்த கருவிகள் அவரது தோற்றமும் புகழும் பேச்சுமே.

எனினும், அந்நாளைய ஆங்கிலப் பொதுச்சட்டம் கூறியதென்ன? மணம் முடிந்த பெண்ணின் சட்ட ஆளுமை கணவனது ஆளுமையுள் அடங்கிவிடும். அவளுடைய அசையும் பொருள் அவனுடையதாகும். அவள் அணியும் நகையைக்கூடத் தன் வாழ்நாளில் விற்க அவனுக்கு உரிமையுண்டு. உயர்குடியினர் மண உடன்படிக்கையால் மனைவிக்குச் செலவுப்பணம் வகுத்தனரேனும் அடிப்படை விதி அதுவே. மறுமணத்துக்கு இடந்தரும் மணவிலக்குப் பெறப் பாராளுமன்றம் தனிச்சட்டம் இயற்றல் வேண்டும். 1857இல் அந்நிலை மாறும்வரை அவ்வழியில் வெற்றி பெற்ற மனைவியர் நால்வரே. நாடே உடுத்தும் முறையை வகுத்த ஒருவருக்குத் தம் உடையும் உடைமையும் முழுதும் தமதல்ல என்பது எத்துணை முரண்!

எல்லாவற்றினுங் கொடியது பிள்ளைகள் பற்றிய விதி. முறைப்படி பிறந்த மக்கள் தந்தைக்கே உரியர். சாள்ஸ் கிறேயைக் காதலித்த ஜோர்ஜியானாவை, பிள்ளைகளை இனிக் காணவொட்டேன் என்று கூறியே கோமகன் படத்தில் அடக்குகிறார். கணவனிடம் சிக்கிய தம் புதல்வரை மீட்கும் ஆசையே எலிசபெத்தையும் கோமகனிடம் பிணிக்கிறது. ஆகவே, பகைவராகத் தோன்றும் இருவரும் ஒரே சங்கிலியின் இரு கண்ணிகளே எனலாம்.

படம் வரலாற்றினின்றும் விலகும் இடங்களும் உள. தொடக்கத்தில், 1774இல், கிறே இளைஞராய்த் தோன்றுகிறார். 1764இற் பிறந்த அவருக்கு அப்போது வயது பத்தே. கிறேயின் குழந்தையைக் கருவுற்றபின் ஜோர்ஜியானா வெளிநாட்டிற் கழித்த ஏறத்தாழ ஈராண்டுப் பிரிவு படத்திற் சுருங்கிவிடுகின்றது. அவரை வாழ்நாள் முழுதும் வாட்டிய சூதாட்டக் கடனும் மங்கலாகவே காட்டப்படுகின்றது. தலைவியைக் குறையற்றவராக்க முயன்றதால் நேர்ந்த குறை இது. தவறிழைக்கும் மனிதருக்கும் நீதி உரியதன்றோ?

ஜோர்ஜியானா 1806இல் மறைந்தார். 1809இல் கோமகன் எலிசபெத்தை மணந்தார். கிறே 1830இல் பிரதமரானார். அவரது ஆட்சியில் நிறைவேறிய 1832ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் வாக்குரிமையை விரித்தது. அதேவேளை, புதிய வாக்குரிமை ஆண்களுக்கே என வெளிப்படையாக வரையறுத்தது. இளங்குழந்தைகளைத் தம்மிடம் ஒப்படைக்குமாறு தாய்மார் நீதிமன்றை நாட 1839ஆம் ஆண்டுச் சட்டம் வழி திறந்தது. சொத்துரிமை 1882இல் விரிவாகக் கிட்டியது. இத்தகைய படங்களைக் காணுங்கால் பட்டின் ஒளியோடு அதன் பின்னிருந்த சட்டத்தையும் உடன்வைத்து நோக்குதல் மாணவர்க்குப் பெரிதும் பயன் தரும்.