கரும்புச் சக்கையும் காகிதமும்

விடியற்காலையில் பத்திரிகையை விரிக்கும் மதுரை நேயர் எவரும் அக்காகிதம் பிறந்த வரலாற்றை எண்ணுவதில்லை. பத்திரிகை நடத்தும் நாமும் எண்ணாதிருப்பின் அது பெருங்குற்றமாகும். கூழ் காய்ச்சுவதற்கும் ஈரத்தாளை உலர்த்துவதற்கும் அபாரமான உஷ்ணம் வேண்டும். அது நிலக்கரியினின்று வருமாயின், ஒவ்வொரு தாளின் பொருட்டும் கரியமில வாயு வானில் ஏறுகின்றது.

1979-ல் ஸ்தாபிக்கப்பெற்ற தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், கரூர் ஜில்லா காகிதபுரத்தில் 1984 முதல் கரும்புச் சக்கையைக் கொண்டு காகிதம் செய்து வருகின்றது. வனத்தை வெட்டாமல், சாறு பிழிந்த சக்கையை உபயோகிப்பது விவேகமே. கரும்பு விளையும் நம் அலங்காநல்லூர் வட்டாரத்தினர்க்கு இது நன்கு விளங்கும்.

ஆயினும் ஒரு விஷயத்தை மறைத்தல் தகாது. சக்கை வீண்பொருளன்று, சர்க்கரை ஆலைகள் அதனையே கொதிகலன்களில் எரித்து வந்தன. ஆகவே சக்கைக்கு ஈடாக, நிலக்கரியால் உண்டாகும் நீராவியை அவ்வாலைகளுக்குக் கொடுக்கும் ஏற்பாட்டை மேற்படி நிறுவனம் செய்துகொண்டது. மரம் பிழைத்தது, நிலக்கரி எரிந்தது. வரவை மட்டும் எழுதிச் செலவை விடுத்த கணக்கை எந்த நியாயஸ்தலமும் ஏற்காது.

பின் செய்யத்தக்கது யாது? அந்நிறுவனமே வழியும் காட்டியுள்ளது. சக்கை கழுவிய நீரிலிருந்து மீத்தேன் வாயுவைப் பிரித்து, சுண்ணாம்புச் சூளையில் உலை எண்ணெய்க்குப் பதிலாக எரித்தார்கள். கூழினின்று பிரியும் கருந்திரவத்தை எரித்து நீராவி பெறுகின்றார்கள். திருநெல்வேலிச் சீமையில் காற்றாலைகளும் நிறுவினார்கள். நிலக்கரியின் பங்கு குறையக் குறையச் சக்கைக் காகிதத்தின் நியாயம் வலுப்பெறும். எவ்வளவு குறைந்ததென்பதை, சர்க்கரை ஆலைகளுக்காக எரியும் நிலக்கரியையும் சேர்த்துக் கணக்கிட்டு, வருஷந்தோறும் ஜனங்கள் அறிய எளிய தமிழில் வெளியிட வேண்டுமென்பதே நமது கோரிக்கை. காகித ஆலைகள் யாவும் இவ்விதியை மேற்கொள்ளல் நலம்.

நேயர்களுக்கும் கடமை உண்டு. படித்த பத்திரிகை குப்பைமேட்டின் அடியிற் புதைந்து மக்கினால், கரியமில வாயுவினும் பன்மடங்கு வெப்பம் விளைக்கும் மீத்தேன் உண்டாகும். நனையாமற் சேர்த்துப் பழைய பேப்பர்க் கடையிற் கொடுத்தால் அதுவே மீண்டும் கூழாகும். ஒருபுறம் மட்டும் அச்சிடும் பழைய வழக்கத்தை 2020-ல் சுப்ரீம் கோர்ட்டே கைவிட்டு, இருபுறமும் அச்சிடலாமென்றது. நம் காரியாலயங்களும் கலாசாலைகளும் அவ்வாறு செய்யத் தடை யாது?

காகிதமின்றிக் கல்வியில்லை, பத்திரிகையுமில்லை. அதனை வெறுக்கச் சொல்லோம். அதன் விலையை அறிந்து செலவிடுக என்கின்றோம். இதனை முதலில் நமது காரியாலயத்திலேயே தொடங்குவோம்.