துணி வைக்கும் டப்பாவுக்குள் நாகப்பாம்பு! விஷப்பாம்பை வீட்டில் வளர்ப்பவர்களும், வடநெம்மேலி மண்பானையும்

2021-ம் ஆண்டு ஜூன் 28. அமெரிக்காவின் வடக்கு கரோலினா மாநிலத்தில் இருக்கும் ராலே நகரம். அமைதியான குடியிருப்புப் பகுதி ஒன்றில், ஒரு வீட்டின் முன்வாசலில் பாம்பு கிடப்பதாகப் போலீஸுக்குத் தகவல் போகிறது. வந்து பார்த்தால், ஆப்பிரிக்காவின் அங்கோலா, நமீபியா பகுதிகளில் வாழும் வரிக்குதிரை நாகம். கடிப்பது மட்டுமல்ல, விஷத்தைக் கண்ணைப் பார்த்துத் துப்பவும் தெரிந்த பாம்பு!

இரண்டு நாள்கள் அந்தப் பகுதியே வீட்டுக்குள் முடங்கியது. ஜூன் 30 அன்று பாம்பு பிடிபட்டது. பிறகுதான் முழுக் கதையும் வெளியே வந்தது. அதே பகுதியில், பெற்றோர் வீட்டில் விஷப்பாம்புகள் வளர்த்துவந்த 21 வயது இளைஞர் ஒருவரிடமிருந்து அது தப்பித்தது 2020 நவம்பரில். அதாவது, ஏழு மாதங்களாக அது எங்கேயோ சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியாது.

நம் ஊரில் வீட்டுக்குள் பாம்பு வந்தால் தெருவே கூடிவிடும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சிலர் காசு கொடுத்து வாங்கி, படுக்கையறைக்குப் பக்கத்து அறையில் வைத்துக்கொள்கிறார்கள். அதுவும் எதில் தெரியுமா? பெரும்பாலும், நாம் பழைய துணியும் கம்பளியும் போட்டு வைக்கும் பிளாஸ்டிக் டப்பாவில்!

எதற்கு பிளாஸ்டிக் டப்பா?

முதல் காரணம், செலவு. ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கும் காசில் பல டப்பாக்கள் வாங்கிவிடலாம். எடை குறைவு, உடையாது, கழுவுவது சுலபம்.

இரண்டாவது காரணம், பாம்பின் சுபாவம். பாம்புகளுக்கு இருட்டும் இடுக்கும்தான் பாதுகாப்பு. நான்கு பக்கமும் கண்ணாடியாக இருந்தால், எதிரே ஆள் நடமாட்டத்தைப் பார்த்துப் பார்த்தே சில பாம்புகள் மிரளும். மூக்கைக் கண்ணாடியில் மோதிப் புண்ணாக்கிக்கொள்ளும். மங்கலான பிளாஸ்டிக் சுவருக்குள் அந்தத் தொல்லை இல்லை. தோல் உரிக்கத் தேவையான ஈரப்பதமும் டப்பாவுக்குள் நன்றாக நிற்கும்.

இதையே பெரிய அளவில் செய்தால், அதற்குப் பெயர் 'ரேக்'. மேஜை டிராயர் மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக டப்பாக்கள் செருகப்பட்டிருக்கும். பின்பக்கம் சூடு தரும் பட்டை, அதைக் கட்டுப்படுத்த ஒரு தெர்மோஸ்டாட். பக்கவாட்டில் காற்றுக்குத் துளைகள். பல ரேக்குகளில் டப்பாவுக்குத் தனி மூடியே கிடையாது. மேல்தட்டுதான் மூடி. ஒரே அறையில் நூறு பாம்புகளைக்கூட அடுக்கிவிடலாம்.

சிக்கல் எங்கே ஆரம்பிக்கிறது?

விஷமில்லாத மலைப்பாம்புக்கு இந்த ஏற்பாட்டில் தவறு நடந்தால், ஒரு கடியோடும் கொஞ்சம் ரத்தத்தோடும் போய்விடும். விஷப்பாம்பு விஷயத்தில் ஒவ்வொரு சின்ன விவரமும் உயிர்ப் பிரச்னை.

மூடியை எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் கிடைக்கும் டப்பாவின் கிளிப், துணி வெளியே கொட்டாமல் இருக்கச் செய்யப்பட்டது. பாம்போ இரவெல்லாம் மூலை மூலையாகத் தலையால் முட்டிப் பார்க்கும். சூடு பட்டுப் பட்டு பிளாஸ்டிக் கொஞ்சம் வளைந்தால் போதும், விரல் அளவு இடைவெளி கிடைத்துவிடும். ஒல்லியான பாம்புக்கு அதுவே வாசல்.

அடுத்து, காற்றுத்துளை. துளை பெரிதாக இருந்தால், டப்பாவைத் தூக்கும் விரலில் அதன் வழியாகவே பல் படலாம். துப்பும் நாகமாக இருந்தால் விஷம் தெறிக்கலாம்.

மிகப் பெரிய ஆபத்து, திறக்கும் அந்த நொடி. மேலே திறக்கும் டப்பா என்றால், கையும் முகமும் பாம்புக்கு நேர் மேலே இருக்கும். டிராயர் என்றால், இழுக்கும் கைக்கு மிக அருகில் பாம்பின் தலை இருக்கலாம். விரியன் வகைகள் பொதுவாகச் சுருண்டு ஒரே இடத்தில் கிடக்கும். நாகமும் மாம்பாவும் அப்படியல்ல. மூடி திறந்ததுமே வெளியே பாயும்.

அதனால்தான் அனுபவசாலிகள் டப்பாவுக்குள் இன்னொரு சின்னப் பெட்டி வைக்கிறார்கள். பாம்பு ஒளிந்துகொள்ள அதற்குள் போனதும், வெளியிலிருந்தே அதன் கதவை அடைத்துவிட்டு, பிறகுதான் சுத்தம் செய்வார்கள். உள்ளே பாம்பு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் மூடியைத் தொடுவதில்லை. கொக்கி, கண்ணாடிக் கவசம், பூட்டு, எந்தப் பாம்பு என்று எழுதிய சீட்டு எல்லாம் கட்டாயம்.

ராலே சம்பவம் நடந்த வடக்கு கரோலினாவில் விஷப்பாம்பு வளர்க்க அப்போது தனி லைசென்ஸ் தேவையில்லை. ஆனால், தப்பிக்க முடியாத, கடிக்க முடியாத, பூட்டு உள்ள கூண்டு வேண்டும். அதன்மேல் பாம்பின் பெயரும், அதற்கான விஷமுறிவு மருந்தின் பெயரும் எழுதியிருக்க வேண்டும். பாம்பு தப்பித்தால் உடனே போலீஸுக்குச் சொல்ல வேண்டும். இவற்றை மீறியதாக அந்த இளைஞர்மீது 40 குற்றச்சாட்டுகள் பதிவாகின. பாம்புகளை இழந்தார், ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் வைக்கப்பட்டார், தேடுதல் செலவுக்காக 13,000 டாலருக்கும் மேல் கட்டினார்.

கடித்தால் மருந்து எங்கே?

அதே இளைஞரை, நாகம் பிடிபடுவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பு, அவர் வளர்த்த பச்சை மாம்பா கடித்திருந்தது. அது ஆப்பிரிக்கப் பாம்பு. அதற்கான விஷமுறிவு மருந்து சாதாரண மருத்துவமனைகளில் இருக்காது. பக்கத்து மாநிலமான தெற்கு கரோலினாவில் உள்ள உயிரியல் பூங்காவிலிருந்து மருந்து வரவழைக்கப்பட்டது. அவர் பிழைத்துக்கொண்டார்.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2022 ஜனவரியில், மேரிலாந்து மாநிலத்தில் ஒருவர் தன் வீட்டில் இறந்து கிடந்தார். வீட்டுக்குள் ரேக்குகளில் 100-க்கும் மேற்பட்ட பாம்புகள் இருந்தன. அங்கே விஷப்பாம்பு வளர்ப்பதே சட்டவிரோதம். பாம்பின் விஷம்தான் மரணத்துக்குக் காரணம் என்று பிறகு உறுதியானது. தனியாக இருக்கும் வீட்டில், ஒரே ஒரு கடி. உதவிக்குக் கூப்பிட ஆள் இல்லை.

நம் ஊர் டப்பா: மண்பானை!

விஷப்பாம்பைப் பாத்திரத்தில் வைத்துப் பராமரிக்கும் வேலை நமக்கும் புதிதில்லை. சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்துக்குள் இருக்கிறது இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். 1978-ல் ஆரம்பித்தது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் அரசு அனுமதியோடு பிடித்துவந்து, விஷம் எடுக்கிறார்கள். விஷமுறிவு மருந்து தயாரிக்கும் நிறுவனங்களுக்கு அது போகிறது.

அங்கே பாம்புகள் இருப்பது மண்பானையில். அடியில் மணல், வாயில் காற்று போகும் துணி, அதைச் சுற்றிக் கயிறு. மண்பானை உள்ளே குளிர்ச்சியாக, இருட்டாக இருக்கும். நம் வெயிலுக்கு பிளாஸ்டிக்கைவிட எவ்வளவோ மேல். முக்கியமான விஷயம், அது பாம்புக்கு நிரந்தர வீடு இல்லை. சுமார் மூன்று வாரங்கள்தான். அதற்குள் சில முறை விஷம் எடுத்துவிட்டு, அடையாளத்துக்கு வயிற்றுச் செதிலில் ஒரு குறி வைத்து, காட்டிலேயே விட்டுவிடுவார்கள். அதே பாம்பு திரும்பச் சிக்கினால், குறியைப் பார்த்து விட்டுவிடலாம். இந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

நமக்கு இதில் என்ன?

'வெளிநாட்டு மோகம்தானே, நமக்கென்ன' என்று விட்டுவிட முடியாது. 2023 ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு வந்த பயணி ஒருவரின் பெட்டியில், பிளாஸ்டிக் டப்பாக்களில் அடைத்த 22 பாம்புகளைச் சுங்கத்துறை பிடித்தது. இப்படி வருவதில் விஷமுள்ள வெளிநாட்டுப் பாம்பு ஒன்று இருந்து, அது யாரையாவது கடித்தால், நம் அரசு மருத்துவமனை மருந்து கைகொடுக்கும் என்று நம்ப முடியாது. அது நம் ஊரின் நான்கு பாம்புகளுக்காகத் தயாரிக்கப்பட்டது.

நம் நாட்டுப் பாம்புகளையும் வீட்டில் வைத்திருக்க முடியாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி அது குற்றம். ரீல்ஸ் எடுப்பதற்காக நல்லபாம்பை ஊறுகாய் ஜாடியில் போட்டு வைக்கும் தம்பிகளுக்கும் இது பொருந்தும். பாம்பைப் பாத்திரத்துக்குள் போடும் நேரம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு, 2022 ஜனவரியில் கேரளாவில் நடந்ததே சாட்சி. பாம்பு பிடிப்பதில் பல வருட அனுபவம் உள்ளவரையே, சாக்கில் போடும்போது நாகம் தொடையில் கடித்துவிட்டது. தீவிர சிகிச்சைக்குப் பிறகே அவர் பிழைத்தார்.

வீட்டுக்குள் பாம்பு வந்தால் வாளியையோ டப்பாவையோ தேடாதீர்கள். குழந்தைகளையும் வளர்ப்புப் பிராணிகளையும் வெளியே அனுப்பிவிட்டு, பாதுகாப்பான தூரத்தில் நின்று அது போகும் இடத்தில் ஒரு கண் வைத்தபடி, 101 அல்லது 112-க்கு அழையுங்கள். கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கை, காலை அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து, உடனே விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.