ஊர்க்கோழியும் ஏழைக் குடும்பமும்

வறண்ட வலயக் கிராமமொன்றில் ஓர் ஊர்க்கோழி 12 முட்டைகளில் அடைகிடக்கின்றது என வைத்துக்கொள்வோம். 21ஆம் நாள் ஒன்பது பத்துக் குஞ்சுகள் பொரிக்கும். இரண்டு மாதங் கழித்து எண்ணிப் பார்த்தால் எஞ்சி நிற்பவை மூன்றோ நான்கோதான். சில பருந்துக்கு இரையாயின. சில கீரிக்கும் மரநாய்க்கும் போயின. சில மாரிக் குளிரில் விறைத்தன. சில நோயில் மாண்டன. கோழி வளர்ப்பினால் ஏழைக்கு என்ன ஆதாயம் என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கையே கண்டவர்கள். இழந்த ஆறு குஞ்சுகளின் கணக்கை அவர்கள் பார்ப்பதில்லை.

அந்த ஆறில் மூன்று பேடுகளாய் வளர்ந்திருந்தால் அவை ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 40 முதல் 60 முட்டைகள் வரை இட்டிருக்கும். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் உண்டு. விற்றமின் ஏ, விற்றமின் பீ12 முதலியனவும் உண்டு. சோறும் சொதியுமாய் வளருகின்ற பிள்ளைக்கு அது சிறிய உதவியன்று. ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்கும் நன்கு அவித்த முட்டையை மசித்து ஊட்டலாம். முட்டை சூடு என்று சொல்லிப் பிள்ளைக்குக் கொடாமல் விற்றுவிடும் வீடுகள் இன்றும் உள்ளன. விற்பதும் தவறன்று, ஊர்க்கோழி முட்டைக்குச் சந்தையில் தனி மதிப்புண்டு. அந்தக் காசு பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் கையிலே சேர்கின்றது. கொப்பியும் மருந்தும் அதிலிருந்தே வாங்கப்படுகின்றன. ஆயினும், விற்பதற்கு முன் பிள்ளையின் பங்கை எடுத்துவைத்தல் நன்று.

ஏழைகளுக்கு உயர்சாதிக் கோழிகளை வழங்கினால் போதும் என்ற எண்ணம் நெடுங்காலமாக உண்டு. வைற் லெக்கோன் போன்ற இனங்கள் ஆண்டுக்கு 250க்கு மேலும் முட்டையிடும் என்பது மெய்யே. ஆனால் அவற்றுக்கு விலை கொடுத்து வாங்கிய தீன் வேண்டும். அவை அடைகிடப்பதும் அரிது. ஆகவே ஒரு தலைமுறைக் கோழி முடிந்ததும் மீண்டும் குஞ்சு வாங்கவேண்டும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் சோளமும் தீனும் அரிதாகிப் பண்ணைகள் பல தளர்ந்தன. 2023இல் இலங்கை இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யவும் நேர்ந்தது. முற்றத்தில் புழுவும் புல்விதையும் பொறுக்கி, குறுணலும் தவிடும் தின்று வளரும் ஊர்க்கோழிக்கு அத்தகைய இடர் மிகக் குறைவு. ஆதலால், புதிய இனத்தைத் தேடுமுன் உள்ள குஞ்சுகளைக் காப்பதே முறை.

காப்பதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. முதல் நான்கு கிழமைகளுக்குத் தாயையும் குஞ்சுகளையும் கரப்பின் கீழ் அடைத்து, நீரும் குறுணலும் வைத்தால் பருந்தின் தொல்லை தீரும். கறையான் கிடைத்தால் இன்னும் நன்று. அது குஞ்சுக்குச் சிறந்த புரத உணவு. இரவுக்கு நிலத்தினின்று உயர்த்திய கூடு வேண்டும். அடித்தட்டில் இடைவெளி விட்டுச் சலாகை அடித்தால் எச்சம் கீழே விழுந்துவிடும். கூடு அடுப்படியை ஒட்டி இருத்தலாகாது. தவழுங் குழந்தை எச்சத்தில் அளைந்தால், முட்டையினாற் பெற்ற நலத்தை வயிற்றோட்டம் பறித்துவிடும்.

இவ்வளவும் செய்த வீட்டையும் ஒரே கிழமையில் வெறுமையாக்கக்கூடியது இரானிக்கட் நோய். இந்தியாவின் இரானிக்கேத் என்னும் மலையூரின் பெயரே அதற்கு வழங்கலாயிற்று. மேனாட்டார் அதனை நியூகாசில் நோய் என்பர். பச்சைக் கழிச்சல், மூச்சுத்திணறல், கழுத்து முறுகுதல் ஆகியவை அதன் அறிகுறிகள். கண்டபின் மருந்தில்லை, வருமுன் தடுப்பூசி மருந்து கொடுப்பதே வழி. ஆனால் பழைய தடுப்பு மருந்துகள் குளிரிலே வைக்கப்படவேண்டியவை. குளிர்ப்பெட்டி இல்லாத கிராமத்தை அவை உயிருடன் சென்றடைவது கடினம்.

இத்தடையை நீக்க அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பீற்றர் ஸ்பிராட்புறோ முயன்றார். அம்முயற்சியில் உருவான ஐ-2 என்னும் மருந்து வெப்பத்தை ஓரளவு தாங்கவல்லது. கோழியின் கண்ணில் ஒரு சொட்டு விட்டாற் போதும். ஆபிரிக்காவின் மொசாம்பிக் நாட்டில் பயிற்சி பெற்ற கிராமத்தவர், அவர்களுட் பெண்களும், சிறு கூலி பெற்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை வீடுவீடாகச் சென்று இதனை இட்டுவந்தனர். பயன் இலவசத்தினால் வந்ததன்று, ஒழுங்கினால் வந்தது என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

நமது கிராமங்களுக்கும் அவ்வொழுங்கு பொருந்தும். எந்த மருந்து எப்போது கிடைக்கும் என்பதை அப்பகுதி மிருக வைத்திய அலுவலகத்திற் கேட்டறியலாம். ஒரு வீடு மட்டும் செய்தாற் போதாது. வேலி தாண்டி மேயும் கோழிகளுக்கு ஊர் முழுவதும் ஒரே நாளில் மருந்திடவேண்டும். நோயுற்ற கோழியை விலக்கி, நலமுள்ளவற்றுக்கே இடவேண்டும். மாதர் சங்கம் நாளைக் குறித்து முதல்நாள் மாலையே வீடுதோறும் சொல்லிவைத்தால், விடியற்காலையில் கூடு திறக்குமுன் கோழிகளைத் துரத்தாமலே பிடிக்கலாம்.