டேவி ஜோன்ஸின் தாடியை நிறுத்திப் பாருங்கள்

பிள்ளைகளின் படிப்புக்கு என்று சொல்லித்தான் பெரும்பாலான வீடுகளில் கம்ப்யூட்டர் வாங்குகிறோம். அதில் சினிமா பார்த்தால், "இதற்கா இவ்வளவு செலவு?" என்று ஒரு குரல் எழும். அப்படிக் கேட்பவரையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்க்கக்கூடிய படங்கள் சில உண்டு. என் பட்டியலில் முதலில் இருப்பது 'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்' வரிசை. 2003 முதல் 2017 வரை ஐந்து படங்கள். மொத்தம் சுமார் 12 மணி நேரம் ஓடும். ஐந்தையும் டிவிடியில் போட்டு, கம்ப்யூட்டரிலேயே மறுபடியும் பார்த்து முடித்தேன்.

பறிபோன தன் கப்பலை மீட்க அலையும் ஜாக் ஸ்பாரோ என்ற கடற்கொள்ளையனின் கதை இது. ஜானி டெப் தள்ளாடித் தள்ளாடி நடந்தே படத்தைத் தூக்கி நிறுத்தியிருப்பார். கலிஃபோர்னியாவின் டிஸ்னிலாண்ட் பூங்காவில் 1967ல் திறக்கப்பட்ட ஒரு படகுச் சவாரியின் பெயரைத்தான் படத்திற்கு வைத்தார்கள். சவாரியை வைத்து ஒரு படமா என்று நினைப்பீர்கள். பார்த்தபின் அப்படிச் சொல்ல மாட்டீர்கள்.

தியேட்டரில் படம் நம்மை இழுத்துக்கொண்டு ஓடும். கம்ப்யூட்டரில் நாம் அதை நிறுத்தி வைக்கலாம். நான் பயன்படுத்துவது இலவசமாகக் கிடைக்கும் விஎல்சி மீடியா பிளேயர். (விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் டிவிடி படங்களை இயக்கும் புரோகிராம் சேர்ந்து வருவதில்லை. லேப்டாப்பில் டிவிடி டிரைவ் இல்லையென்றால் யுஎஸ்பியில் இணைக்கும் டிரைவ் வாங்கிக்கொள்ளலாம்.) ஸ்பேஸ் பாரைத் தட்டினால் படம் நிற்கும். ஆங்கில எழுத்து 'ஈ' உள்ள கீயைத் தட்டினால் ஒரே ஒரு பிரேம் மட்டும் நகரும். ஷிப்ட் கீயுடன் இடது அம்புக்குறியை அழுத்தினால் 3 விநாடி பின்னால் போகும். இந்த மூன்றும் போதும்.

முதல் படத்தில் பார்போசாவும் அவன் ஆட்களும் சாபத்திற்கு ஆளானவர்கள். நிலா வெளிச்சம் பட்டால் எலும்புக்கூடாகத் தெரிவார்கள். கடைசியில் குகைக்குள் ஜாக்கும் பார்போசாவும் வாள் வீசுகிறார்கள். மேலிருந்து நிலவொளி அங்கங்கே விழுகிறது. வெளிச்சத்திற்குள் கால் வைத்தால் எலும்பு, வெளியே வந்தால் மனிதன். இங்கே 'ஈ' கீயைத் தட்டிக்கொண்டே போங்கள். எந்தப் பிரேமில் நடிகர் முடிகிறார், எந்தப் பிரேமில் கம்ப்யூட்டர் தொடங்குகிறது என்று வீட்டில் ஒரு போட்டியே வைக்கலாம்.

இதே காட்சியை ஒரு நண்பர் கொண்டு வந்த திருட்டு விசிடியிலும் பார்த்திருக்கிறேன். நிலாவும் இல்லை, எலும்பும் இல்லை. கறுப்புக் கட்டங்கள்தான். விசிடியில் படத்தின் அளவு 352க்கு 288 புள்ளிகள். டிவிடியில் 720க்கு 576. அதாவது நான்கு மடங்கு. இருட்டான காட்சிகளில்தான் இந்த வித்தியாசம் முதலில் அடி வாங்கும். கொள்ளையர் படத்தைக் கொள்ளையடித்தே பார்ப்பது பொருத்தம்தானே என்று அந்த நண்பர் சிரித்தார். இன்று ஆபத்து வேறு வடிவத்தில் வருகிறது. படத்தின் பெயரைப் போட்டு, கடைசியில் 'எக்ஸ்இ' என்று முடியும் பைல் கிடைத்தால் திறக்கவே வேண்டாம். அது படம் அல்ல, உங்கள் கம்ப்யூட்டருக்குள் நுழையப் பார்க்கும் புரோகிராம்.

இப்போது இரண்டாவது படமான 'டெட் மேன்ஸ் செஸ்ட்' (2006). நான் இந்த வரிசைக்குத் திரும்பத் திரும்பப் போவதே இதில் வரும் டேவி ஜோன்ஸுக்காகத்தான். தாடி இருக்க வேண்டிய இடத்தில் ஆக்டோபஸின் கைகள் நெளியும். இடது கை நண்டின் கொடுக்கு. நடித்தவர் பில் நை. அவர் சாம்பல் நிற உடையில், முகத்தில் புள்ளிகளுடன், மற்ற நடிகர்களோடு அதே செட்டில் நின்று நடித்தார். அதற்கு முன்பெல்லாம் இவ்வகை அசைவுகளைப் பெரும்பாலும் தனி ஸ்டூடியோவில்தான் பதிவு செய்வார்கள். இன்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனம், படப்பிடிப்பு நடக்கும் இடத்திலேயே துணைக் காமிராக்கள் வைத்து அசைவுகளைப் பிடித்தது. பிறகு அனிமேட்டர்கள் அவர் முகபாவங்களைப் பார்த்துப் பார்த்து கம்ப்யூட்டர் முகத்தை அசைத்தார்கள்.

கண்களைப் பாருங்கள். தோல் கம்ப்யூட்டர் என்றாலும் கண்கள் நடிகருடையவை என்றுதான் பலர் நம்பினார்கள். அவையும் கம்ப்யூட்டர்தான்! ஜோன்ஸ் தூங்கும்போது வில் டர்னர் இரண்டு குச்சிகளால் அந்தத் தாடியை விலக்கிச் சாவியை எடுக்கும் காட்சி ஒன்று வரும். ஒவ்வொரு பிரேமிலும் ஈரம் மின்னுவதைக் கவனியுங்கள்.

இந்தப் படத்திற்கு விஷுவல் எஃபெக்ட்ஸுக்கான ஆஸ்கர் விருது 2007ல் கிடைத்தது. பெற்ற நால்வரில் ஒருவர் ஜான் நோல். பெயர் எங்கோ கேட்டது போல் இருக்கிறதா? தன் அண்ணன் தாமஸ் நோலுடன் சேர்ந்து போட்டோஷாப்பை உருவாக்கியவர் அவர்தான். 1990ல் அது விற்பனைக்கு வந்தது. கல்யாண ஆல்பத்திற்கு நம் ஊர் ஸ்டூடியோக்காரர் பயன்படுத்தும் அதே போட்டோஷாப்! "இதற்கா இவ்வளவு செலவு?" என்று கேட்டவரிடம் இந்த இடத்தில் படத்தை நிறுத்திச் சொல்லுங்கள். பக்கத்தில் இருக்கும் பிள்ளையின் காதிலும் விழட்டும்.

மூன்றாவது படம் (2007) கதையில் சிக்கல்மயம். யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்று இரண்டாம் முறையும் குழம்பினேன். ஆனால் கடைசி நீர்ச்சுழல் சண்டை பிரமாதம். அதைக் கடலில் எடுக்கவில்லை. கலிஃபோர்னியாவில் பாலைவனப் பகுதியான பாம்டேலில், ஒரு விமானக் கொட்டகைக்குள் கப்பல் தளங்களை நிறுத்தி, செயற்கை மழை பெய்வித்து எடுத்தார்கள். சுழலும் கடல் முழுவதும் கம்ப்யூட்டர் கணக்கு. நான்காவது படத்தை (2011) ஒரு முறை பார்த்தால் போதும். ஐந்தாவதில் சலசாரின் தலைமுடி, தண்ணீருக்குள் இருப்பது போலக் காற்றில் மிதப்பது மட்டும் அழகு.

பார்க்கும் முன் இரண்டு விஷயம். மேலும் கீழும் கறுப்புப் பட்டை தெரிந்தால் மானிட்டரில் கோளாறு என்று பயப்பட வேண்டாம். அகலமான திரைக்கு எடுத்த படம் அது. இழுத்து நிரப்பினால் ஜாக் ஒட்டடைக்குச்சி போல ஆகிவிடுவார். அடுத்து, டிவிடிகளுக்கு ரீஜன் எண் உண்டு. இந்தியாவிற்கு 5. வெளிநாட்டு டிஸ்க்கைப் போட்டதும் ரீஜனை மாற்றவா என்று கேட்டால் யோசிக்காமல் ஓகே கொடுக்காதீர்கள். பொதுவாக டிரைவில் 5 முறைதான் மாற்ற முடியும். பிறகு கடைசியாக வைத்த எண்ணிலேயே பூட்டிக்கொள்ளும்.

முதல் இரண்டையும் வரிசையாகப் பாருங்கள். மூன்றாவதில், கப்பல் சிறையின் கம்பிகளுக்குப் பின்னால் இருக்கும் டியா டால்மா, டேவி ஜோன்ஸின் முகத்தைத் தொடுவாள். சில விநாடிகள் பில் நையின் சொந்த முகம் தெரியும். ஸ்பேஸ் பாரில் விரலை வைத்துக்கொண்டு காத்திருங்கள்.