ஒரே தூரம், இரண்டு நேரம்

லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 5,550 கிலோமீட்டர். போனாலும் வந்தாலும் தூரம் அதேதான். ஆனால் லண்டனிலிருந்து நியூயார்க் போக ஏழு மணி நேரத்துக்கு மேல் பறக்க வேண்டும். திரும்பி வர ஆறு, ஆறரை மணி நேரம் போதும்.

பூமி கிழக்கு நோக்கிச் சுழல்கிறதே, மேற்கே போகும் விமானத்தை நோக்கி நியூயார்க் தானாக நகர்ந்து வர வேண்டாமா? வராது. பூமியோடு காற்று மண்டலமும் சேர்ந்தே சுழல்கிறது. ஓடுபாதையில் நிற்கும்போதே விமானத்துக்கும் அந்தச் சுழற்சி வேகம் இருக்கிறது.

வித்தியாசத்துக்குக் காரணம் ஜெட் ஸ்ட்ரீம். வெப்பமான தெற்குக் காற்றும் குளிர்ந்த வடதுருவக் காற்றும் சந்திக்கும் எல்லையில், சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காகப் பாயும் காற்று அது. குளிர்காலத்தில் இரு பக்க வெப்பநிலை வித்தியாசம் கூடுவதால் அதன் வேகமும் கூடும்.

1920களில் ஜப்பானின் வாசாபுரோ ஓயிஷி பலூன்களைப் பறக்கவிட்டு இந்தக் காற்றை அளந்தார். வெளிநாட்டவரும் படிக்கட்டும் என்று எஸ்பெராண்டோ மொழியில் அறிக்கை எழுதினார், படித்தவர்கள் சொற்பம். 1944இல் டோக்கியோ மீது பறந்த அமெரிக்க பி-29 விமானங்களின் குண்டுகள் இதே காற்றால் இலக்குத் தவறி விழுந்தன.

2020 பிப்ரவரியில் சியாரா புயல் வீசியபோது, பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. தரையிலிருந்து கணக்கிட்டால் அதன் வேகம் ஒரு கட்டத்தில் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. ஒலியின் வேகத்தைவிட அதிகம்! ஆனாலும் அது ஒலித்தடையை உடைக்கவில்லை. ஓடும் ரயிலுக்குள் முன்னோக்கி நடப்பவர் ரயிலின் வேகத்தையும் சேர்த்துப் பெறுகிறார். அவர் கால்கள் நடப்பதென்னவோ சாதாரண நடைதான். விமானமும் தன்னைச் சுற்றியுள்ள காற்றுக்குள் வழக்கமான வேகத்தில்தான் பறந்தது.

அதனால் அட்லாண்டிக் மேல் விமானப் பாதைகளை அன்றாடம் புதிதாக வகுக்கிறார்கள். கிழக்கே வரும் பாதை காற்றின் மேல் ஏறிக்கொள்ளும். மேற்கே போவது அதை விட்டு விலகும். வரைபடத்தில் குறுகிய பாதையைவிடச் சுற்றுப்பாதை சீக்கிரம் கொண்டுசேர்க்கும் நாட்களும் உண்டு.

போகும்போது இழந்ததை வரும்போது பிடித்துவிடலாம் என்பதும் கணக்குக்கு ஒத்துவராது. விமானத்தின் வேகம் 900, காற்றின் வேகம் 150 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நேர்வழியில் எதிர்காற்றில் போக 7 மணி 24 நிமிடம். பின்காற்றில் வர 5 மணி 17 நிமிடம். மொத்தம் 12 மணி 41 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் 12 மணி 20 நிமிடம். தடுக்கும் காற்றில் அதிக நேரமும் தள்ளும் காற்றில் குறைந்த நேரமும் இருக்க நேர்வதால், ஒரே பாதையில் போய்வந்தால் காற்று கொடுப்பதைவிட எடுத்துக்கொள்வதே எப்போதும் அதிகம்.