மடியில் கனம், வழியில் பயம்!

விடியற்காலை ஐந்து மணி. வாசலில் கார் தயாராக நிற்கிறது. குலதெய்வம் கோயிலில் குழந்தைக்கு முடியிறக்க வேண்டும். புளியோதரைத் தூக்கும் தண்ணீர்க் கூஜாவும் ஏற்றியாகிவிட்டன. கோயிலுக்குக் கொடுக்கப் போகும் பித்தளைக் குத்துவிளக்கு உருண்டு நசுங்கிவிடக் கூடாதே என்று, அதைப் பழைய புடவையில் சுற்றி, இரண்டு பெட்டிகளுக்கு நடுவே இறுக்கமாகச் செருகி வைத்திருக்கிறார் வீட்டுக்காரர். பிறகு முன் சீட்டில் அமர்ந்து பெல்ட்டை மாட்டிக்கொள்கிறார். தெரு முனையில் போலீஸ்காரர் நிற்பாரே!

"குழந்தையை இப்படிக் கொடு. என் மடியில் நிம்மதியாகத் தூங்குவான்" என்கிறார் பாட்டி. ஒரு வயதுப் பேரன் பாட்டியின் மடிக்குப் போகிறான். கார் புறப்படுகிறது.

இந்தக் காரில் எந்தக் காவலும் இல்லாமல் போவது எது என்று கவனித்தீர்களா? குத்துவிளக்குக்குக் காவல் இருக்கிறது. அப்பாவுக்குப் பெல்ட் இருக்கிறது. அந்த வீட்டின் விலைமதிப்பற்ற செல்வத்துக்குத்தான் ஒன்றும் இல்லை!

"பாட்டி மடியைவிடப் பத்திரமான இடம் உண்டா?" என்று கேட்பீர்கள். வீட்டுத் திண்ணையில் இல்லைதான். ஆனால் ஓடுகிற காரில் அந்த மடியைப் போல அபாயமான இடமும் இல்லை. கேட்கக் கசப்பாக இருக்கும். ஆனால் கணக்கு அப்படித்தான் சொல்லுகிறது.

ஒரு சின்னக் கணக்கு

கார் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படி ஒன்றும் பறக்கும் வேகமல்ல. எதிரே ஒரு லாரியின் பின்புறம், மோதல். காரின் மூக்கு சுமார் 60 சென்டிமீட்டர் நசுங்கி, கார் நின்றுவிடுகிறது. இவ்வளவும் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துபோகிறது.

கார் நின்றுவிட்டது. ஆனால் குழந்தை நிற்கவில்லை. அது அதே 50 கிலோமீட்டர் வேகத்தில் முன்னே போய்க்கொண்டிருக்கிறது. அதைப் பிடித்து நிறுத்த வேண்டுமானால், அதன் எடையைப் போலப் பதினாறு மடங்கு பாரத்தைக் கைகள் தாங்க வேண்டும். பத்துக் கிலோக் குழந்தைக்கு 160 கிலோ! 25 கிலோ அரிசி மூட்டைகள் ஆறுக்கும் மேல். ஒரு மூட்டையை நகர்த்தவே ஆள் கூப்பிடும் நாம், ஆறு மூட்டைகளைக் கண் இமைக்கும் நேரத்தில் இரண்டு கைகளால் பிடித்துவிட முடியுமா? அன்பு எவ்வளவு இருந்தாலும் முடியாது. இது பாசத்தின் குறையல்ல. எலும்புக்கும் தசைக்கும் உள்ள எல்லை.

இன்னொரு விதமாகவும் சொல்லலாம். அந்த வேகத்தில் மோதுவது சுமார் பத்து மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து, விழுவதற்குச் சமம். மாடிக் கைப்பிடிச் சுவர்மேல் குழந்தையை உட்கார வைப்போமா?

பாட்டியும் பெல்ட் போடவில்லை என்றால் நிலைமை இன்னும் மோசம். அவருடைய முழு உடம்பும் முன்னே பாய்கிறது. அந்த உடம்புக்கும் முன் சீட்டுக்கும் நடுவில் அகப்படுவது குழந்தை. ஒரே பெல்ட்டைப் பாட்டிக்கும் பேரனுக்கும் சேர்த்துப் போட்டாலும், பெரியவரின் பாரமெல்லாம் சின்னவன் மேல்தான் இறங்கும்.

ஒரு டாக்டரின் போராட்டம்

மடியை நம்புவது நம் ஊர்ப் பாட்டிகளின் வழக்கம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் சட்டம் செய்கிறவர்களே நம்பினார்கள்.

அங்கே டென்னஸி மாநிலத்தில், மர்ஃப்ரீஸ்பரோ என்ற ஊரில், ராபர்ட் சாண்டர்ஸ் என்று ஒரு குழந்தை வைத்தியர் இருந்தார். நோய்க்கு ஊசி மருந்து இருக்கிறது. கார் விபத்துக்கு என்ன மருந்து என்று அவர் யோசித்தார். சின்னக் குழந்தைகளைத் தகுந்த ஆசனத்தில் பூட்டித்தான் காரில் அழைத்துச் செல்ல வேண்டும் என்று சட்டம் கொண்டுவர, மனைவியுடன் சேர்ந்து பாடுபட்டார். 1976-ல் முயற்சி தோற்றது. 1977-ல் வென்றது. 1978 ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்த அந்தச் சட்டந்தான் அமெரிக்காவிலேயே இவ்வகையில் முதலாவது. நாலு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அது பொருந்தும்.

ஆனால் சட்டசபையில் ஒரு திருத்தத்தையும் நுழைத்துவிட்டார்கள். பெரியவர் ஒருவர் கைக்குழந்தையை ஏந்திக்கொண்டிருந்தால் ஆசனம் தேவையில்லை என்பதே அந்தத் திருத்தம். தாயின் கையைவிடப் பத்திரம் உண்டா என்ற அதே எண்ணம்! டாக்டர் சாண்டர்ஸ் அதற்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? 'குழந்தையை நசுக்கும் திருத்தம்.' கொஞ்சம் கடுமையான பெயர்தான், ஆனாலும் பொய்யில்லை. அவர் விடாமல் வாதாடி, 1981-ல் அந்தத் திருத்தத்தை நீக்க வைத்தார். 1985-க்குள் அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களிலும் குழந்தை ஆசனச் சட்டம் வந்துவிட்டது. சாண்டர்ஸுக்கு 'டாக்டர் சீட் பெல்ட்' என்ற செல்லப் பெயரும் நிலைத்தது.

பலன் உண்டா என்றால், நன்றாகவே உண்டு. சரியாகப் பொருத்திய ஆசனம், கார் விபத்தில் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை இறக்கும் அபாயத்தை 71 சதவிகிதமும், ஒன்று முதல் நாலு வயதுக் குழந்தைக்கு 54 சதவிகிதமும் குறைக்கிறது என்று அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு இலாகா கணக்கிட்டிருக்கிறது.

நம் சட்டம் என்ன சொல்லுகிறது?

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. பலருக்குத் தெரியாது, அவ்வளவுதான். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 194-பி என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் முதல் தேதியிலிருந்து அது அமலில் இருக்கிறது. பதினாலு வயது நிரம்பாத குழந்தை, பெல்ட்டாலோ குழந்தைகளுக்கான ஆசனத்தாலோ பாதுகாக்கப்படாமல் காரில் சென்றால் ஆயிரம் ரூபாய் அபராதம். வண்டி ஓட்டுபவர் மட்டுமல்ல, அப்படி ஓட்ட அனுமதிப்பவரும் இதற்குப் பொறுப்பாளி. முன் சீட்டா, பின் சீட்டா என்று சட்டம் பிரித்துப் பார்க்கவில்லை. குழந்தைக்கான இந்த விதியில் மடிக்கு விதிவிலக்கும் இல்லை. டாக்டர் சாண்டர்ஸ் நாலு வருஷம் போராடி எடுத்த முள், நம் சட்டத்தில் முளைக்கவே இல்லை!

ஸ்கூட்டரில் போகும் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. நாலு வயதுக்கு உட்பட்ட குழந்தையை ஏற்றிச் சென்றால், ஓட்டுபவருடன் சேர்த்துக் குழந்தையைப் பிணைக்கும் வார்க்கச்சையும், அதன் தலைக்கு ஏற்ற ஹெல்மெட்டும் வேண்டும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று 2022 பிப்ரவரியில் விதி வெளியாகி, ஓராண்டு கழித்து அமலுக்கு வந்தது.

முதுகு தாங்கட்டும்

குழந்தை ஆசனத்தில் ஒரு விசித்திரம் உண்டு. கைக்குழந்தை காரின் பின்புறம் பார்த்தபடி உட்கார வேண்டும். "வேடிக்கை பார்க்க முடியாதே!" என்று பரிதாபப்படாதீர்கள். ஸ்வீடன் தேசத்து டாக்டர் பெர்டில் ஆல்ட்மன், விண்வெளி வீரர்கள் முதுகால் சாய்ந்து படுத்து வேகத்தின் அழுத்தத்தைத் தாங்குவதைப் பார்த்தார். அந்த யோசனையை வைத்துத்தான் 1964-ல் பின்னோக்கிய ஆசனத்தைச் செய்து சோதித்தார். குழந்தைக்குத் தலை பெரிது, கழுத்து மெலிது. முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தால் மோதலில் தலை மட்டும் முன்னே பிய்த்துக்கொண்டு போகும். பின்னோக்கி இருந்தால் தலை, கழுத்து, முதுகு எல்லாவற்றையும் ஆசனமே ஏந்திக்கொள்ளும்.

நீங்கள் கவனிக்க வேண்டியவை இவை:

ஆசனம் அனுமதிக்கும் எடையும் உயரமும் வரும்வரை குழந்தை பின்னோக்கியே இருக்கட்டும். பிறகு முன்னோக்கிய ஆசனம். அதன்பின் உயரம் கூட்டும் பூஸ்டர் ஆசனம். சுமார் 145 சென்டிமீட்டர் உயரம் வளர்ந்தபின்தான் பெரியவர்களின் பெல்ட் குழந்தைக்குப் பொருந்தும்.

பின்னோக்கிய ஆசனத்தை ஏர்பேக் உள்ள முன் சீட்டில் ஒருபோதும் வைக்காதீர்கள். பெரியவரைக் காப்பாற்ற விரியும் அந்தப் பை, குழந்தையின் தலைக்குப் பின்னால் இடி போல் மோதும். குழந்தைக்கு இடம் பின் சீட்டுதான்.

வார்களைப் பூட்டியபின் தோள் பக்கம் விரலால் கிள்ளிப் பாருங்கள். வார் மடிப்பாகக் கையில் வந்தால், இறுக்கம் போதாது. கனமான கம்பளியை வாருக்கு அடியில் போடாதீர்கள்; பூட்டியபின் மேலே போர்த்துங்கள்.

பெரிய பெண்ணோ பையனோ பெல்ட் போடும்போது, கீழ்ப்பட்டை வயிற்றில் அல்ல, இடுப்பெலும்பில் படிய வேண்டும். மேல்பட்டை கழுத்தை உரசாமல் தோளின் நடுவில் வர வேண்டும். "உறுத்துகிறது" என்று முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட அனுமதிக்காதீர்கள்.

பழைய ஆசனம் யாராவது கொடுத்தால், விபத்தில் அகப்பட்டதா என்று விசாரியுங்கள். அகப்பட்டதென்றால் வேண்டாம்.

"அழுதால் என்ன செய்வது?"

நியாயமான கேள்வி. முதல் நாலைந்து தடவை அழத்தான் செய்யும். தடுப்பூசிக்கும் அழுதது, அதற்காகப் போடாமல் விட்டோமா? பாலுக்கு அழுதால் ஓரமாக வண்டியை நிறுத்திப் பால் கொடுங்கள். நீண்ட பிரயாணத்தில் இரண்டு மணிக்கு ஒரு முறை இறக்கி, கை கால் நீட்ட விடுங்கள். பத்து நிமிஷம் தாமதமானால் குலதெய்வம் கோபித்துக்கொள்ளாது. பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் பூட்டிவிட்டே கிளம்புங்கள். பெற்றோர் தாங்களும் தவறாமல் பெல்ட் போட்டுக்கொண்டால், குழந்தைக்கு அதுவே பழக்கமாகிவிடும்.

விலை யோசனையா? முதல் பிறந்த நாளுக்குச் சங்கிலி, காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் என்று எவ்வளவோ வருகின்றன. தட்டில் ஒன்றைக் குறைத்துக்கொண்டு, இந்த ஆசனத்தைக் கேட்டு வாங்குங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. அது நகையைப் போல் பீரோவில் தூங்காது. தினமும் காவல் காக்கும்.

பாட்டிகளுக்கு ஒரு வேண்டுகோள்: பேரனை உங்கள் மடியிலிருந்து பிரிக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணமல்ல. பக்கத்தில் உட்கார்ந்து, நீங்களும் பெல்ட் மாட்டிக்கொண்டு, விரலைப் பிடித்துக் கதை சொல்லுங்கள். கார் கோயில் வாசலில் நின்றதும் முதல் வேலையாகப் பூட்டை அவிழ்த்துத் தூக்கிக்கொள்ளுங்கள். மாமன் மடியில் வைத்து முடியிறக்கி முடித்ததும், அழுதுகொண்டு அவன் உங்கள் மடிக்குத்தானே ஓடி வரப்போகிறான்!