உறங்கும் கும்பகருணன்

பத்துமலை என்றவுடன் 272 படிகளும் 140 அடி உயர முருகன் சிலையுமே பலர் நினைவுக்கு வரும். அம்மலையடிவாரத்தில், இரயில் நிலையத்தை அடுத்து, இராமாயணக் குகை ஒன்றும் உளது. அதனருகே அநுமன் சிலை நிற்கிறது.

நுழைவுக் கட்டணம் செலுத்தி உட்புகுவோர், வண்ண விளக்கொளியில் இராம காதையைச் சிலை வடிவிற் காண்பர். கேளிக்கைப் பூங்காவுக்குரிய வியப்பு அங்கு உண்டு. கூட்டத்தோடு செல்வோர் கும்பகருணனின் பேருருவைக் கண்டு நகைத்துக் கடந்துவிடுவர். கூட்டம் குறைந்த மாலையில் தனியே செல்பவர்க்கோ அங்கு நின்று எண்ணிப் பார்க்கப் பொழுது வாய்க்கும்.

சிலை காட்டுவது உறக்கம். கம்பர் காட்டுவது உறங்கி எழுந்தவனது உள்ளம். மந்திரப் படலத்திலேயே அண்ணனை இடித்துரைத்தவன் அவன். போர் மூண்ட பின்னரும் சீதையை விடுக என்றான். இராவணன் கேளானாகவே, சாவு உறுதியென அறிந்தே களம் புகுந்தான். வீடணன் வந்து இராமன்பால் அழைத்தபோது, வளர்த்தவனைக் கைவிட மறுத்தான். தம்பியை மட்டும் இராமனிடமே திரும்பிச் செல்லுமாறு பணித்தான். அண்ணன் செய்தது தவறென்று அறிந்தும் அவனுக்காக உயிர் கொடுத்தான்.

மாணாக்கரை அங்கு அழைத்துச் செல்லும் தமிழாசிரியர், கும்பகருணன் வதைப் படலத்தை அச்சிலையின் முன்னரே எடுத்துரைத்தல் நன்று. சோம்பலுக்கு உவமையாக வழங்கும் அப்பெயர், செய்ந்நன்றிக்கும் உரியதென அவர்கள் உணர்வர்.